மாத்தறையாச்சியின் எட்டுச்செலவு

மெல்பேணின் நோபல் பார்க்கில் குப்பை வாளி வெளியே வைக்கிற நாளாகப் பார்த்துத்தான் காற்று அடிக்கும். அன்றைக்கும் தெரு நீளத்துக்கு வாளிகள் குப்புற விழுந்து கிடந்தன. முரளி அங்கிள் தன்னுடைய வாளியையும் பக்கத்து வீட்டு வியட்நாம் கிழவருடைய வாளியையும் நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து கராஜ் கதவைத் தூக்கினார். காரை முதல் நாளே தெருவில் கொண்டுபோய் விட்டாயிற்று. சீமெந்துத் தரை கழுவிக் காய்ந்திருந்தது. இரண்டு காஸ் அடுப்பு, பழைய மேசை ஒன்று, மூன்று கதிரை, மீன் கழுவ ஒரு பெரிய தாச்சி. மீன் நண்டு என்றால் அந்த வீட்டில் கராஜுக்குள்தான் சமையல். வீட்டுக்குள் சமைத்தால் ஒரு கிழமைக்கு உடுப்பெல்லாம் மணக்கும்.

அன்று அவருடைய அம்மா செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவு. செத்தவர் உயிரோடு இருக்கும்போது விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, வாழையிலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கவேண்டும். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். விருப்பமான சாப்பாடு ஏதும் இலையில் இல்லாமல் போனால் அந்த ஏக்கத்தோடேயே போவார் என்று சொல்வார்கள். படைப்பதற்கு முன் ஒருவரும் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. உப்பு, புளி எல்லாம் கையின் நிதானம்தான்.

அவர்களுடைய பின்வளவு வீட்டில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா வேலைக்குப் போய்விட்டதால் நான் உதவிக்குப் போயிருந்தேன். எனக்கு வெங்காயம் தந்தார்கள்.

ஆச்சியின் பெயர் தையல்நாயகி. அந்தப் பெயர் செத்த வீட்டு அறிவித்தலில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் அவர் மாத்தறையாச்சி. ஆச்சியின் தகப்பனுக்கு இலங்கையின் தெற்குக் கரையில், மாத்தறையில் சுருட்டுக்கடை இருந்தது. ஆச்சி பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, சிங்களப் பிள்ளைகளோடு கடலில் குளித்தது எல்லாம் அங்கேதான். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிய, கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டி, மூன்று பிள்ளை பெற்று, ஒரு பிள்ளையை ஆமி அடித்த செல் குண்டுக்குக் கொடுத்து, கடைசியில் மகனோடு மெல்பேணுக்கு வந்தார். இங்கேயும் அந்தப் பட்டம் கூடவே வந்துவிட்டது.

சிட்னியிலிருந்து மூத்த மகள் சத்தியபாமா வந்திருந்தார். குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். அவர் கராஜுக்குள் வந்தால் நாங்கள் எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்துவிடுவோம். அன்று சூட்கேசுக்குள்ளிருந்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மாவுக்கு கூழ் இல்லாமல் எட்டுச்செலவோ? நான் ஊரிலயிருந்து வந்த மா ஒரு பை வச்சிருந்தனான். அதை அப்பிடியே கொண்டந்திட்டன். கௌரி, நண்டு எங்க?"

சிவகௌரி, முரளி அங்கிளின் மனைவி, ஏற்கனவே நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்வேலில் கோழி வெட்டுகிற பக்டறியில் அவருக்கு வேலை. கத்தி அவர் கையில் இருந்தால் சத்தம் கேட்காது.

"இந்தா கிடக்கு மச்சாள். காலெல்லாம் தட்டி வச்சிருக்கிறன்."

"பயத்தங்காய்?"

"வெட்டியாச்சு."

"பலாக்கொட்டை?"

"பிறீஸரிலயிருந்து எடுத்து வச்சிருக்கு."

"அப்ப நான் ஏன் சிட்னியிலயிருந்து வந்தனான்?" என்று பாமா அன்ரி சிரித்தார். அழுது அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு வர எங்களுக்கும் கொஞ்சம் இலேசாக இருந்தது.

முரளி அங்கிளின் மகள் வினுஷா கராஜ் படியில் இருந்து இறால் உரித்தாள். யூனியில் படிக்கிறாள்.

"மாமி, இறாலின்ர கறுப்பு நரம்பை எடுக்கவேணுமோ?"

"எடுக்காமல்? கொப்பம்மா கண்டால் உனக்கு விழும்."

"அப்பம்மா நெவர் அடிச்சவ."

"உனக்கு அடிக்கேல்ல. எங்களுக்கு அகப்பைக்காம்பு. கொப்பரைக் கேள்."

முரளி அங்கிள் வாழையிலையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு விழுந்ததில பாதி அக்கா செய்த குழப்படிக்கு," என்றார்.

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. பாமா அன்ரி கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்று, மீன் தலை, நண்டு, மரவள்ளி, பயத்தங்காய் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். கூழ் வாசம் எழும்பியது. வியட்நாம் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனார். வெயில் வந்தது, மறைந்தது, நாலு துளி மழை விழுந்தது, திரும்பவும் வெயில்.

அதற்குள் கௌரி அன்ரி மற்ற அடுப்பில் ஒரு மண்சட்டியை வைத்து, அடியில் வாழையிலைத் துண்டு ஒன்றை விரித்தார். டன்டினோங் மார்க்கெட்டில் வாங்கிய சூரை மீனைக் கட்டை கட்டையாக வெட்டி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் கறுப்பாக, சுருண்டு, ஏதோ காய்ந்த தோல்போலக் கிடந்தது.

பாமா அன்ரி திரும்பிப் பார்த்தார். "உதென்ன செய்யப்போறீர்?"

"அம்புல்தியல், மச்சாள்."

"என்னது?"

"மாமிக்கு விருப்பமான மீன். கொறுக்காப்புளி போட்டு வத்த வைக்கிறது."

"சிங்களச் சாப்பாடெல்லோ அது?"

கௌரி அன்ரி மிளகை இடித்தார்.

"கௌரி, உம்மைத்தான் கேக்கிறன். அம்மா எப்ப உது சாப்பிட்டவ? நான் அந்த வீட்டில இருபத்திநாலு வருசம் இருந்தனான். ஒருநாள் அந்தக் குசினியில உது அவிஞ்சதில்லை."

"அங்க இல்ல. இஞ்ச."

"இஞ்ச எப்ப? முரளி, நீ கண்டனியே?"

முரளி அங்கிள் வாழையிலையை இன்னும் கவனமாகத் துடைத்தார். "நான் விடிய வேலைக்குப் போனால் இருட்டத்தானே அக்கா வாறனான்."

"பாத்தீரே? அவனுக்கே தெரியாது."

"மூண்டு மணிக்கு நான் பக்டறியால வருவன்," என்று கௌரி அன்ரி சொன்னார். "வீட்டில மாமியும் நானும்தான். ராத்திரிச் சோத்தில தண்ணி ஊத்தி வச்சிருப்பா. அந்தச் சோத்தோட இதில ஒரு துண்டு. ரெண்டு பேரும் உந்தப் படியில இருந்து சாப்பிடுவம்."

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது தெரியும். பின்வளவு யன்னலால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஆச்சிக்கு மேலுக்குக் கம்பளிச் சட்டை, காலுக்கு முரளி அங்கிளின் பழைய சப்பாத்து, மடியில் தட்டு. விரலை ஒவ்வொன்றாகச் சூப்புவார்.

பாமா அன்ரி திடீரென்று என்னிடம் திரும்பினார். "பிள்ளை, நீர் சொல்லும். அம்மா இதைச் சாப்பிட்டவவோ?"

 நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"இந்தப் பிள்ளை ஆருக்கும் ஓம் எண்டுதான் தலையாட்டும்," என்றார் பாமா அன்ரி.

"மாமி, ஷீ லவ்ட் இட்," என்றாள் வினுஷா. "டன்டினோங் கடையில அந்தச் சிங்கள அன்ரியோட நிண்டு கதைச்சு ஹாஃப் அன் அவர் ஆக்கித்தான் உந்தப் புளி வாங்குவா. நானெல்லோ காருக்குள்ள இருந்து காயிறது."

இதைக் கேட்டதும் பாமா அன்ரியின் முகம் மாறியது. சத்தம் போடுவார் என்று நினைத்தோம். போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"இளங்கீரன் என்னெண்டு செத்தவன்? ஆற்ற செல்லில? அந்தத் தம்பியைப் பெத்தவளுக்குப் படைக்கிற இலையில நான் உதை வைக்கவோ? மகள் கையாலதான் முதல் படைக்கிறது. நான் வைக்கமாட்டன் கௌரி. நீர் சமைக்கிறதெண்டாச் சமையும். இலைக்கு வராது."

 கௌரி அன்ரியின் கை உலக்கையைப் பிடித்தபடி நின்றது.

"மச்சாள், பதின்மூண்டு வருசம் மாமி என்னட்டைத்தான் இருந்தவ. நான் ஒண்டும் கேக்கேல்ல. இது ஒண்டுதான். இது இல்லாமல் அனுப்பேலாது."

அந்த நேரம்தான் வரதராஜா அங்கிள் உள்ளே வந்தார். ஆச்சியின் கணவருக்குச் சித்தப்பா மகன், முரளி அங்கிளுக்குச் சித்தப்பா முறை. எட்டு, முப்பத்தொன்று, துவசம் என்று எது வந்தாலும் முறை சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். கையில் வெற்றிலைப் பை, தலையில் காது மூடிய தொப்பி.

"காத்து என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பாத்தது. என்ன, ஒருதரும் கதைக்காமல் நிக்கிறியள்? கூழ் அடிப்பிடிச்சுப் போச்சோ?"

"சித்தப்பா, நீங்கள் சொல்லுங்கோ," என்று பாமா அன்ரி எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து தொப்பியைக் கழற்றினார்.

"அட, அம்புல்தியல். ஒருக்கா நான் இதைக் கண்டனான். எப்ப தெரியுமே? கொம்மா கலியாணம் முடிச்சு வந்த புதுசு. நான் சின்னப் பொடியன், பந்து பொறுக்க உங்கட வளவுக்குள்ள வந்தனான். மாத்தறைப் பெட்டை மாமிக்குச் சமைச்சுக் காட்டவேணும் எண்டு ஆசைப்பட்டு, கறுகறுவெண்டு ஒரு மீன் வச்சிருக்கிறா. உங்கட கொப்பற்ற தாய் வந்து மூடியைத் திறந்து பாத்தவ. ஒரு கதை இல்லை. சட்டியோட தூக்கிக்கொண்டு போய் வேலிக்கங்கால எறிஞ்சவ. 'இந்தக் குசினிக்குள்ள உந்தப் புளி வரக்கூடாது.' அவ்வளவுதான்."

"அப்பம்மா அழுதவவோ?" என்று வினுஷா கேட்டாள்.

"அழேல்ல. சட்டி ஓடு பொறுக்கினவ. நானும் சேர்ந்து பொறுக்கினனான். மீனை நாய் திண்டிட்டுது. நல்லாத் திண்டது."

முரளி அங்கிளுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். பாமா அன்ரி சிரிக்கவில்லை.

"அது அந்த நாள். பிறகு அம்மா எங்கட ஆளாத்தானே இருந்தவ? ஊரில அம்மாவைப்போல கூழ் காய்ச்ச ஆளில்லை எண்டு நீங்களே சொல்லுவியள்."

"அதுக்கு இப்பவும் நான் சத்தியம் பண்ணுவன். அம்மாவாணை, அந்தக் கூழ் கூழ்தான்." அவர் வெற்றிலையைத் தொடையில் துடைத்தார். "ஆனால் பாமா, கொம்மா கூழ் குடிச்சதை நீ கண்டிருக்கிறியே?"

"இதென்ன கேள்வி?"

"இல்லை, சும்மா கேக்கிறன். நானும் யோசிச்சுப் பாக்கிறன். வளவுக்குள்ள எல்லாரும் சுத்திவர இருப்பம். பிலாவிலையை மடிச்சு மடிச்சு எங்களுக்கு ஊத்துவா. தான் குடிச்சவவோ?"

"பிறகு குடிப்பா. எல்லாருக்கும் குடுத்திட்டு."

"பிறகு எண்டால் பானைக்குள்ள என்ன கிடக்கும்? நாங்கள் சுரண்டி எடுத்துப்போடுவமே."

பாமா அன்ரி முரளி அங்கிளைப் பார்த்தார். அவர் வினுஷாவைப் பார்த்தார். எல்லாரும் நினைவில் தேடினார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் வரவில்லை. கூழ் மட்டும் கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது.

கௌரி அன்ரிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாமிக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது மச்சாள். உடம்பெல்லாம் கடிக்கும். கூழ் காய்ச்சின அண்டைக்கெல்லாம் தனக்கு ஒரு ரசம் வைப்பா."

"ஐயோ," என்றார் பாமா அன்ரி. கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார். "ஐயோ, நான் சிட்னியிலயிருந்து மா காவிக்கொண்டு வந்தனானே."

"பரவாயில்லை, நாங்கள் குடிப்பம்," என்றார் வரதராஜா அங்கிள்.

"சும்மா இருங்கோ சித்தப்பா!" அவருடைய குரல் உடைந்தது. "அப்ப எனக்கு என்ர அம்மாவைத் தெரியாதோ? கௌரிக்குத் தெரியும், இந்தச் சின்னனுக்குத் தெரியும், பின்வளவுப் பிள்ளைக்குத் தெரியும், கடைக்காரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்பிடித்தானே?"

 அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் போனார். கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அந்தத் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினார். வெளியே தோட்டத்தில் ஊற்றத்தான் தூக்கினார் என்று எனக்கு விளங்கியது. கௌரி அன்ரி ஒரு அடி எடுத்து வைத்தார். தடுக்கவில்லை.

கராஜ் வாசலில் பாமா அன்ரி நின்றார். தண்ணீருக்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்தார். தோடம்பழச் சுளை காய்ந்து கறுத்ததுபோல இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது..."

"கொறுக்காப்புளி மச்சாள். அதுதான் அந்தப் புளி."

"இது அம்மாவின்ர தையல் பெட்டிக்குள்ள கிடந்ததெல்லோ."

நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிஸ்கட் பெட்டி ஒண்டு. ஊசி, நூல், பொத்தான் எல்லாம் வைப்பா. அடியில ஒரு துணிப் பொட்டலம். அதுக்குள்ள இதுதான் கிடக்கும். கொழும்பால ஆரும் வந்தால் குடுத்துவிடுவினம். சட்டை தைக்கேக்கை ஒரு துண்டை வாய்க்குள்ள அடக்கிக்கொண்டிருப்பா. என்னம்மா எண்டு கேட்டால், தொண்டை மருந்து, பிள்ளையளுக்குக் கூடாது எண்டுவா." அவர் திரும்பினார். "தம்பியும் நானும் களவெடுத்து நக்கிப் பாத்தனாங்கள். புளிப்பெண்டால் அப்பிடிப் புளிப்பு. இளங்கீரன் துப்பிப்போட்டு, அம்மா பாவம், ஒவ்வொரு நாளும் உந்த மருந்து சாப்பிடுறா எண்டு அழுதவன்."

சொல்லிக்கொண்டே தன்னை அறியாமல் அந்தத் துண்டை வாயருகே கொண்டுபோனார்.

"மச்சாள்! படையலுக்கு!"

பாமா அன்ரி திடுக்கிட்டுக் கையைக் கீழே விட்டார். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது. வரதராஜா அங்கிள் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "மத்தியானத்துக்கு முதல் படைக்கவேணும், சிரிச்சுக்கொண்டு நிண்டால் சரிவராது," என்றார்.

பாமா அன்ரி கோப்பையை மேசையில் வைத்தார். "இதை அரைக்கிறதோ?"

"ஓம். மிளகோட சேர்த்து. உப்பு நான் போடுறன்."

அவரே அம்மியடிக்கு இருந்தார். கணக்கு ரீச்சர் கை அம்மிக்குப் பழக்கமில்லை, முழங்கை இரண்டு பக்கமும் இடித்தது. ஆனால் விடவில்லை. கறுப்பு விழுது மீனில் பூசப்பட்டு, றம்பை இலையும் கறிவேப்பிலையும் இடையிடையே செருகி, மெல்லிய நெருப்பில் சட்டி ஏறியது. நீர் வற்ற வற்ற கூழின் வாசத்துக்கு மேலால் அந்தப் புளியும் மிளகும் எழுந்து வந்தது. கராஜுக்குள் இரண்டு வாசமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

ஆச்சியின் அறையில் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்தார்கள். குத்துவிளக்கு, இளநீர், பணியாரம், வெற்றிலை. சோற்றுக்கு அருகே முருங்கைக்காய், கணவாய், கத்தரிக்காய்ப் பால்கறி. கூழையும் ஒரு சிரட்டையில் ஓரமாக வைத்தார் பாமா அன்ரி. "குடிக்காட்டிலும் பரவாயில்லை, பாத்திட்டுப் போகட்டும்," என்றார்.

பிறகு மண்சட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார். மீன் கட்டைகள் கறுத்து, காய்ந்து, ஒன்றும் உடையாமல் இருந்தன. அகப்பையை உள்ளே விட்டவர் அப்படியே நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"கௌரி, எத்தினை துண்டு சாப்பிடுவா?"

"ரெண்டு. நடுத்துண்டாப் பாத்து."

"ரெண்டோ?"

"மூண்டு எண்டாலும் சாப்பிடுவா. இது மட்டும் ஒருதருக்கும் குடுக்கமாட்டா மச்சாள். எனக்கு வால் பக்கம்தான் தருவா."

பாமா அன்ரி மூன்று நடுத்துண்டு எடுத்து இலையில் வைத்தார். ஒன்று சரிய, விரலால் நேராக்கினார். கற்பூரம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.  காற்று யன்னல் சட்டத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. முரளி அங்கிள் மூன்று தரம் கதவில் தட்டித் திறந்தார். பிறகு இலையில் இருந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரு பொட்டலமாக மடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அங்கே ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோயிலில் பழக்கமானவர்கள், தெருவில் இருக்கிற தமிழர்கள். கூழ் நன்றாகப் போனது. வரதராஜா அங்கிள் மூன்றாம் தரமும் கோப்பையை நீட்டினார். அப்போது விஜயா அன்ரி, இரண்டு வீடு தள்ளி இருப்பவர், மண்சட்டிக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன சத்தியபாமா, கரிக்கட்டைபோல? மீன் எரிஞ்சு போச்சோ?"

கௌரி அன்ரி குசினி வாசலில் நின்றார். நானும் பின்னால் நின்றேன்.

"எரியேல்ல விஜயாக்கா," என்றார் பாமா அன்ரி. "அம்புல்தியல். அம்மாவின்ர மாத்தறைச் சாப்பாடு. இது இல்லாட்டில் அம்மாவுக்கு எட்டுச்செலவே இல்லை."

"அப்பிடியே? அவ இதெல்லாம் சாப்பிடுறவவோ?"

"சின்னனில இருந்தே. எங்களுக்குத் தெரியும்தானே." பாமா அன்ரி ஒரு துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தார். தானும் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். புளியில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மென்று விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னார். "இதைச் சோத்தோட சாப்பிடக்கூடாது அக்கா. அம்மா பாணோடதான் சாப்பிடுவா. பாண் இல்லாமல் தொடவே மாட்டா."

மாமியோடு படியில் இருந்து சோற்றோடு அதைச் சாப்பிட்ட கௌரி அன்ரியை நான் பார்த்தேன்.  அவர் உள்ளே போய், பேக்கரிப் பாண் ஒன்றை எடுத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து மச்சாளின் முன்னால் வைத்தார்.